ஏழு நீலக் கோடுகள்

மேசைமேல் அடுக்கியிருந்த கார்டுகளில் தன்னுடையது மேலிருந்து பதினோராவது, அதுவரைக்கும் யாரும் தன்னை எதுவும் கேட்கப்போவதில்லை என்று ஜெனிட்டா தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், பத்தாகிவிட்டது. புதன்கிழமை, தடுப்பூசி நாள். தூத்துக்குடியில் இந்தச் சுகாதார நிலையம் இருக்கிற தெருமுனைக்கு வரும்போதே இன்றைக்கு எத்தனை குழந்தைகள் வந்திருக்கின்றன என்று காதாலேயே எண்ணிவிடலாம். ஊசி போட்டு வெளியே வருகிற குழந்தை ஒருவிதமாக அழும், இன்னும் உள்ளே போகாத குழந்தை அதைக் கேட்டு வேறுவிதமாக அழும். அவள் மடியில் கிடந்தது எதற்கும் அழவில்லை. பதினான்கு வாரத்துப் பெண்பிள்ளை. ஞானஸ்நானம் ஆகாததால் வீட்டில் எல்லோருக்கும் வெறும் பாப்பா. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அழாத பிள்ளையைச் சமர்த்து என்கிறார்கள். சமர்த்துதானா, இல்லை அழுவதற்குத் தெம்பு வேண்டாமா? அந்த எண்ணம் வந்ததும் ஜெனிட்டா சட்டென்று பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அது முகத்தைச் சுளித்தது, ஒரு சிணுங்கல் சிணுங்கியது. இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயினி, அவள் அண்ணன் பெண்டாட்டி லூர்து, "என்னம்மா, பசிக்கா பிள்ளைக்கு?" என்று குனிந்தாள். வலப்பக்கத்தில் மாமி, அவள் மாமியார் பிலோமினா, கைப்பையை மடியில் நிறுத்தி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தீர்ப்பு எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஜெனிட்டா. யார் பக்கமும் திரும்ப வேண்டாம் என்று கார்டு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசி என்று மயினி சொன்னதுமே ஜெனிட்டாவின் வயிறுதான் பதில் சொன்னது. காலையிலிருந்து ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீர், அரை டம்ளர் கடுங்காப்பி, அவ்வளவுதான். மயினி தட்டில் வைத்தது நாலு இட்லி, தொட்டுக்கொள்ளப் பால்சுறாப் புட்டு. பால் ஊறுவதற்கென்று மயினி விடியக்காலம் கரைக்குப் போய், வள்ளம் வந்ததும் வாங்கி, தோலுரித்து, முள் பார்த்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுச் செய்த புட்டு. தட்டைக் கையில் கொடுத்துவிட்டு மயினி எப்போதும் பிள்ளையின் துணிகளை அலசப் போய்விடுவாள், பக்கத்தில் நின்று பார்க்க மாட்டாள், தின்கிறவளைப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்று அவளாக வைத்துக்கொண்ட ஒரு சட்டம். பிள்ளையில்லாதவள் கண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு அவளே ஒதுங்கிப் போவாள். அந்த நல்ல மனசைத்தான் ஜெனிட்டா தப்பிக்கிற சந்தாகப் பிடித்துக்கொண்டாள். பின்வாசல் சுவருக்கு மேலே அடுத்த வீட்டுப் பூனை காத்துக்கொண்டிருக்கும். இட்லியைப் பிட்டுப் புட்டில் புரட்டிச் சுவரில் வைத்தால் போதும், எண்ணி நாலு நிமிடம். தட்டை மட்டும் லேசாக விரலால் வழித்துவிட வேண்டும், தின்ற தட்டு மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. முதல் வாரம் எலும்பும் தோலுமாக வந்த பூனை இப்போது நடந்தால் வயிறு தரையைத் தொடுகிறது. பூனைக்கு நன்றி இருந்தது, ஆனால் ஆளைத் தப்பாகப் பிடித்துக்கொண்டது. சமையல்கட்டில் புட்டு வாசம் வருகிற சேலையை முகர்ந்துகொண்டு மயினி காலையே சுற்றிச் சுற்றி வந்தது. "இந்தத் தெருவுல என்னத் தேடி வர்ற ஒரே ஜீவன் இதுதான் ஜெனி, பாத்துக்கோ" என்று மயினி ஒருநாள் சிரித்தாள். ஜெனிட்டாவும் சிரித்தாள். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. கொள்ளுத் தண்ணீரின் கசப்பு என்று வைத்துக்கொள்ளலாம், கொள்ளு கசக்காது என்றாலும்.

ஒன்பது. ஒரு கார்டு கீழே விழுந்து, அதை எடுத்து மேலேயே வைத்துவிட்டார்கள், மறுபடியும் பத்து. இப்படியே விழுந்துகொண்டிருந்தால் தேவலை. எல்லாம் அந்த இரண்டு பிள்ளைகளால் வந்தது, இல்லை, அவர்களால் இல்லை, அவர்கள் பாவம், சத்துமாவு டப்பாவை அழகாகத் தாள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளிடம் விளையாட்டு வகுப்புக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அவள் பி.டி. டீச்சர், கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடினவள், விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றால் பிள்ளைகள் முதுகு தானாக நிமிரும். வந்தவர்கள் பாப்பாவைக் கொஞ்சினார்கள், வெட்கப்பட்டார்கள், போனார்கள். மாடிப்படியில் இறங்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள், "டீச்சரா இது?" அவ்வளவுதான். கேலியில்லை, நிஜமான ஆச்சரியம். கேலியாக இருந்திருந்தால் மறந்திருப்பாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினாள், மறுநாள் காலையில் முழுசையும், அதன்பிறகு ராத்திரி எல்லோரோடும் உட்காரும்போது மட்டும் பாதித் தட்டு. அது நடந்து ஐம்பது நாள். கப்பலில் வேலை பார்க்கிற அவள் புருஷன் டென்சில் வீடியோவில் கூப்பிட்டால் போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், கீழே எதுவும் தெரியாதபடி. அவன் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பதினாலு மணி நேரம் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை, இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். எண்ணூறு மீட்டர் ஓடின உடம்பு, மாநிலத்தில் மூன்றாவதாக வந்த உடம்பு, நம்பியிருந்த ஒரே ஒரு நாளில் கைவிட்டுவிட்டது. அதைத் தண்டிக்க வேண்டும் போல இருந்தது. பிள்ளை உயிரோடு வந்ததை விட்டுவிட்டு உடம்பு தோற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தாள், என்ன பிறவியோ.

தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம், தெரிந்தல்லவா செய்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "மேல தோல் பத்து நாள்ல மூடிரும், உள்ள ஆற மாசக்கணக்கு ஆகும். இப்போதைக்கு நடந்தாப் போதும். வயித்துக்கு எந்தப் பயிற்சியும் நானா சொல்ற வரைக்கும் கிடையாது. பால் குடுக்கிறவ வழக்கத்தவிட ஒரு பங்கு கூடத்தான் சாப்பிடணும். எடை அதுவா எறங்கும், அவசரப்படுத்தாத." அவளும் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினாள். கணுக்கால் பிசகின பிள்ளையை மண்டலப் போட்டிக்கே அனுப்ப மாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் சண்டை போட்டவள் அவள். காலை வழிபாட்டில் மயங்கி விழுகிற பிள்ளையை நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, முதல் கேள்வியாக "காலைல என்ன சாப்ட்ட?" என்று கேட்பவள். அந்தக் கேள்விக்கு எத்தனை வகைப் பொய் உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். யோசித்துச் சொன்னால் பொய். எண்ணிக்கையோடு சொன்னால் பொய். குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாளில் அவளிடம் யாரும் தப்ப முடியாது. விழுங்கிவிட்டேன் டீச்சர் என்றால் வாயைத் திறக்கச் சொல்வாள், நாக்கைத் தூக்கச் சொல்வாள், கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தால் அங்கேயே மென்று முழுங்க வேண்டும். வீட்டில் இதை நடித்தே காட்டியிருக்கிறாள். "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று அண்ணனை மிரட்ட, மயினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வயிறு. சேலைக்குள்ளே வேட்டிக்கட்டு இறுக்குகிறது, உட்கார்ந்தால் மூச்சு பாதிதான் போகிறது. அப்பாவுடைய பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. நாற்பது நாள் கழிந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, தளர்வாகக் கட்டினால் சரி என்று அவர் சொன்ன பிறகு, மயினி தினமும் வெந்நீர்க் குளியல் முடிந்ததும் நீளவாக்கில் மடித்து மூன்று சுற்று சுற்றிவிடுவாள். "இறுக்குதாம்மா? வலிச்சாச் சொல்லு" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பாள். மயினி அந்தப்பக்கம் போனதும் ஜெனிட்டா கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டுவாள். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் கிடையாது. அதனால் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போனபிறகு, மூன்று சுற்று முடிந்து துணி தொப்புளுக்கு நேரே வருகிற இடத்தில், கரையோரம் ஒரு கோடு. விளையாட்டு விழாவில் பிள்ளைகளின் பனியனில் நம்பர் எழுதுகிற நீல மார்க்கர், எதற்கும் அழியாது. அடுத்த ஞாயிறு மூன்று சுற்றும் பழைய கோட்டுக்கு முன்னாலேயே முடிந்தால் இளைத்திருக்கிறாள். ஏழு ஞாயிறு, ஏழு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சந்தோஷம் வந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் மொட்டைமாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக் காலை மடக்கி எழுந்து எழுந்து பார்த்தாள். எட்டாவது தடவை வலது ஓரத்தில் தையல் பக்கம் ஏதோ சுருக்கென்று இழுத்தது. அன்றைக்குத் துணியில் ஒரு சின்ன ஈரம், சிவப்புமில்லாமல் தண்ணீருமில்லாமல். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் இருமினால் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டுதான் இருமுகிறாள். "வரவரத் துணி மிஞ்சுதே, நீ எளச்சுக்கிட்டே போறியே ஜெனி, நான் வடிக்கிற சோறு எங்க போகுதுன்னே தெரியல" என்று போன வாரம் மயினி கவலைப்பட்டாள். எங்கே போகிறது என்று தெரிந்த பூனை சுவர்மேல் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏழாவதா நம்ம கார்டு?" என்று மாமி கேட்டாள். "ஆமா மாமி." "இன்னைக்காவது ஏறியிருக்கணும். போன தரம் நாலு வாரத்துல நானூறு கிராம்தான். டென்சில் நாலாம் மாசத்துல ஏழு கிலோ இருந்தான், தூக்குனா இடுப்பு ஒடியும்." மாமி சொல்வதை மயினிக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் மயினியைப் பார்க்காமல் சொல்வாள், அது ஒரு கை தேர்ந்த வித்தை. ஜெனிட்டாவுக்கு அம்மா இல்லை. அதனால் பேறுகாலம் பார்த்ததெல்லாம் மயினி. மயினிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஏறாத ஆஸ்பத்திரியில்லை, போகாத கோயிலில்லை, ஒன்றும் தங்கவில்லை. பாப்பா பிறந்த அன்று, மயக்கம் தெளியாத ஜெனிட்டாவிடம் அண்ணன் கேட்டான், "ஞானஸ்நானத்துல பிள்ளைய ஏந்துற ஞானத்தாயா இவள வைக்கலாமா?" அவள் தலையை ஆட்டினாள், அது மட்டும் நல்ல ஞாபகம். மறுநாளே மயினி வெள்ளை லேஸ் வாங்கி ஞானஸ்நான உடுப்பு தைக்க உட்கார்ந்துவிட்டாள். இப்போது வருகிற மாதம் முதல் ஞாயிறு என்று கோயிலில் தேதி கேட்டாகிவிட்டது. ஆனால் போன எடைக்குப் பிறகு மாமிக்குப் புது யோசனை. டென்சிலின் அக்கா ஸ்டெல்லா மூன்று பிள்ளை பெற்றவள், ஞானஸ்நானத்தில் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்தால் நல்லது. "நான் தப்பாச் சொல்லல. சில பேரு கையில ஏத்தம் இருக்கும், சில பேருக்கு இருக்காது. இன்னைக்கு எடையப் பாப்போம், பாத்துட்டு முடிவு பண்ணுவோம்." மயினியின் காது மடல் சிவந்தது. சாப்பாட்டு டப்பா இருந்த கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். ஜெனிட்டா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்யத் தோன்றியது, சரியாகத்தான் இருந்த தொப்பியை.

மாமி தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் மயினி கிட்டே நகர்ந்தாள். "ஜெனி, ஒண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது. ஞானத்தாயா ஸ்டெல்லாவையே வச்சிரு." "என்ன மயினி..." "நெசமாத்தாம்மா. நானும் யோசிச்சுப் பாத்தேன். நானும் எல்லாந்தான் செய்தேன், உனக்கும் ஒட்ட மாட்டேங்கு, பிள்ளைக்கும் ஒட்ட மாட்டேங்கு. என் கையில என்னமோ இருக்குபோல. அந்த உடுப்பு தச்சது தச்சதுதான், அதப் போட்டுக்கோங்க, அது போதும் எனக்கு. பிள்ள நல்லா இருந்தாச் சரி." குரலில் அழுகை இல்லை. கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். இப்போது சொல்லிவிடலாம். மயினி, உங்க கையில ஒண்ணுமில்ல, என் கையிலதான். எட்டு வார்த்தைகூட வராது. ஆனால் சொன்னால் அடுத்து என்ன கேட்பாள்? எத்தனை நாளா? ஐம்பது. தவக்காலம்கூட நாற்பது நாள்தான். யாருக்குக் கொடுத்த? பூனைக்கு. எதுக்கு? ஒரு பிள்ள மாடிப்படியில டீச்சரா இதுன்னு கேட்டுச்சு மயினி. சொல்லிப் பார்க்கும்போதே கூசுகிறது. மாமி கேட்டால் டென்சிலுக்குப் போகும், ஸ்டெல்லாவுக்குப் போகும், அழகு கெட்டுவிடும் என்று பிள்ளை வயிற்றில் அடித்தவள் என்று ஞானஸ்நான விருந்தில் ஒவ்வொரு இலைக்கும் அதையும் சேர்த்துப் பரிமாறுவார்கள். அதனால் இன்றைக்கு எடை ஏறியிருந்தால் போதும். ஏறியிருந்தால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நாளையிலிருந்து ஒழுங்காகத் தின்றுவிடலாம், மயினியும் ஞானத்தாய், யாருக்கும் சேதமில்லை. மாதாவே, ஒரு அரைக்கிலோ. தின்னாமல் இருந்துவிட்டு அரைக்கிலோ கேட்கிறாள் பாருங்கள், கேட்கிற வாய்க்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?

ஐந்து. பாப்பா நிஜமாகவே சிணுங்கியது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். வாய் வைத்தது, வேகவேகமாக இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது, பிறகு தலையைப் பின்னால் எறிந்து அழுதது. முன்பெல்லாம் குடித்து முடித்தால் கை விரல்கள் தானாக விரிந்து தளர்ந்துவிடும். இப்போது கொஞ்ச நாளாக முஷ்டியாக மூடியே இருக்கிறது. அந்தச் சின்ன முஷ்டியை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், பார்த்துப் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருக்கிறாள். முகம் குனிந்து பார்த்ததில் தலை கிறுகிறுத்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கண்ணுக்கு முன்னால் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகள் ஓடின, அவள் ஓடுகிறாள், கடைசி இருநூறு மீட்டர், வயிற்றுக்குள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி அவ்வளவு லேசாக, ஓரத்தில் யாரோ கைதட்டுகிறார்கள், இல்லை, உள்ளே மேசைமேல் முத்திரை குத்துகிற சத்தம். விழுந்துவிட்டால்? பிள்ளையோடு விழுந்துவிட்டால்? மைதானத்தில் விழுகிற பிள்ளைகள் தனியாகத்தான் விழுவார்கள், கையில் எதுவும் இருக்காது. மயினியின் கை வந்து பாப்பாவின் தலைக்கடியில் தாங்கிக்கொண்டது, கேட்காமலேயே. "என்னம்மா, மூஞ்சி வெளிறிருச்சு?" "ஒண்ணுமில்ல மயினி, புழுக்கம்." அதுவும் ஒரு பொய், அதையும் கணக்கில்லாமல் மற்றதோடு போட்டுக்கொண்டாள்.

கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேரும் எழுந்தார்கள், மாமி முன்னால். உள்ளே செவிலியர் முருகேஸ்வரி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்ட நடுவயசுக்காரர், துணியை விரித்து எடைத்தட்டைத் துடைத்தார். உடுப்பைக் கழற்றிவிட்டுப் பாப்பாவைக் கிடத்தியதும் நம்பர்கள் ஓடின, ஆடின, ஐந்தைத் தொடுவதுபோலப் போய்த் திரும்பின, நின்றன. நாலு அறுநூறு. ஜெனிட்டா மறுபடி பார்த்தாள். நாலு அறுநூறுதான். "போன தடவ நாலு நானூறு," என்று கார்டைப் புரட்டினார் முருகேஸ்வரி. "நாலு வாரத்துல இருநூறு கிராம் பத்தாதேம்மா. காய்ச்சல், வயித்தால போறது ஏதாவது?" இல்லை என்று ஜெனிட்டா தலையை அசைப்பதற்குள் மாமி தொடங்கிவிட்டாள். "நான் சொன்னேம்லா சிஸ்டர். இவ அம்மா இல்லாத பிள்ள. பத்தியம் பாக்குறது எல்லாம் இவ மயினி. தானா பெத்து வளத்திருந்தாத் தெரியும், பச்ச உடம்புக்காரிக்கு என்ன குடுக்கணும்னு." முருகேஸ்வரி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜெனிட்டாவைத்தான் பார்த்தார், கண்ணாடிக்கு மேலே. "காலைல என்ன சாப்ட்ட?"

அவளுடைய கேள்வி. மைதானத்தில் நூறு தடவை அவள் கேட்ட அதே கேள்வி, அதே தொனி. பதில் சொன்னது மயினி. "நாலு இட்லி சிஸ்டர். சுறாப் புட்டு. ஒரு டம்ளர் பால். பதினோரு மணிக்கு சத்துமாவுக் கஞ்சி. மத்தியானம் முருங்கக்கீர, பூண்டுக் குழம்பு, மீனு. சாயங்காலம் பேரிச்சம்பழம்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள், எட்டு விரல் மடங்கிவிட்டது. யோசிக்காமல் சொன்னாள், எண்ணிக்கையோடு சொன்னாள், ஆனால் பொய்யில்லை. ஜெனிட்டாவின் பொய்க்குத்தான் அவ்வளவு நம்பிக்கையாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விரல்களை விரித்துக் காட்டி, அந்த அறையில் இருந்த எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, "இதுல எது தப்புன்னு சொல்லுங்க சிஸ்டர், நான் மாத்திக்கிடுறேன்" என்றாள். அந்த விரல் நுனிகளில் மீன் தோல் உரித்த கீறல்கள் இருந்தன. அதைப் பார்த்திருக்காவிட்டால் ஜெனிட்டா அன்றைக்கும் தப்பித்திருப்பாள். "நான் சாப்பிடல," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நான் பகல்ல எதையும் சாப்பிடல சிஸ்டர். மயினி குடுத்ததெல்லாம் பூனைக்கு வச்சேன். கொள்ளுத் தண்ணி மட்டும் குடிச்சேன். எளைக்கணும்னு." "இன்னைக்கா?" "அம்பது நாளா."

ஊசி மருந்துப் பெட்டியின் மூடியை முருகேஸ்வரி மெல்லச் சாத்தினார். திட்டுவார் என்று ஜெனிட்டா காத்திருந்தாள், திட்டினால் கொஞ்சம் நன்றாக இருக்கும். "எளைக்கக் கூடாதுன்னு யாரும்மா சொன்னா?" என்றார் அவர், சலிப்பாகத்தான். "தின்னு எளைக்கணும். நல்லாத் தின்னு, பால் குடுத்து, காலைலயும் சாயங்காலமும் கொஞ்சம் நடந்தாலே மாசம் ஒண்ணு ஒன்ற கிலோ எறங்கும். ஒரு வருசம் ஆகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? பிள்ள எடைக்கு வேற காரணமும் இருக்கலாம், டாக்டரம்மா இன்னைக்கே பாக்கட்டும். வயித்துல ஏதும் வலி இருக்கா?" அதையும் சொன்னாள், மொட்டைமாடி, எட்டாவது தடவை, ஈரம். "கட்ட அவுழு, பாப்போம்." சேலையைத் தளர்த்தினாள். வேட்டியின் முனை முதுகுப் பக்கம் செருகியிருந்தது, கை எட்டவில்லை. மயினிதான் வந்து எடுத்தாள். ஒரு சுற்று அவிழ்ந்தது, இரண்டாவது சுற்று அவிழும்போது கரையோரம் நீலமாகக் கோடுகள் வந்தன, ஒன்று, இரண்டு, ஏழு. மயினியின் கை நின்றது. கட்டின இறுக்கத்தில் சதையில் பதிந்திருந்த சிவந்த தடத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மறுபடி தடத்தைப் பார்த்தாள். "இத நான் கறைன்னுல்ல நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "வாராவாரம் ஒண்ணு கூடுதேன்னு எத்தன சோப்புப் போட்டுத் தேச்சேன்." ஜெனிட்டாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமி கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "மாமி, ஞானத்தாய் மயினிதான்," என்றாள் ஜெனிட்டா, பாதி அவிழ்ந்த வேட்டியோடு நின்றபடி, "டென்சில்கிட்ட நடந்தத நானே சொல்லிக்கிடுதேன்." "அத ஏன் இங்க வச்சிப் பேசுற" என்று மாமி சுவரைப் பார்த்துச் சொன்னாள். மயினி மீதிச் சுற்றையும் அவிழ்த்து முடித்தாள்.

தையலின் ஓரம் டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதினார்கள். ஊசி போடும்போது பாப்பாவை மயினி பிடித்துக்கொண்டாள். பாப்பா கத்திய கத்தலில் அறைக்கு வெளியே இருந்த குழந்தைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. நல்ல சத்தம், தெம்பான சத்தம். ஜெனிட்டா அதை உடம்பு முழுக்கக் கேட்டாள். டாக்டரம்மா வரப் பத்து நிமிடமாகும் என்றார்கள். மாமி வெளியே போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசப் போனாள், பேசட்டும். பழைய பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், நடுவில் கூடை. வேட்டியை மயினி நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்தாள், கோடு தெரியாதபடி உள்பக்கமாக. தோளில் விசும்பிக்கொண்டிருந்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி வாசலைப் பார்த்துக் கேட்டாள். "பூனைக்கா வச்ச?" ஜெனிட்டா தலையாட்டினாள். "தினமுமா?" "ம்." "என்னத் தேடித்தான் வருதுன்னு நெனச்சேன்," என்றாள் மயினி. சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள், கடைசி வார்த்தையில் வாய் கோணிக்கொண்டது. திட்டியிருந்தால், இரண்டு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஐம்பது நாளில் தான் பறித்துக்கொண்டது எதையெல்லாம் என்று அப்போதுதான் ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். மயினி அதற்குக் காது கொடுக்கவில்லை, ஒற்றைக் கையால் கூடையிலிருந்து டப்பாவை எடுத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி மூடியைத் திருகினாள். வழியில் பசித்தால் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு வந்த மூன்று இட்லி, மேலே புட்டு. ஜெனிட்டாவின் மடியில் வைத்தாள். தின்கிறவளைப் பார்க்கக் கூடாது என்கிற தன் சட்டத்தை விட்டுவிட்டு, உடம்பை அவள் பக்கம் நேராகத் திருப்பி உட்கார்ந்தாள். ஜெனிட்டா ஒரு வாய் பிட்டு வைத்தாள். பூண்டும் மிளகும் சுறாவும். ஐம்பது நாளாக இந்த ருசி சுவர்மேல் போய்க்கொண்டிருந்தது. மென்றாள். விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாயத் தொற," என்றாள் மயினி.

ஜெனிட்டா வாயைத் திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினாள். மயினி குனிந்து, இந்தக் கன்னம் அந்தக் கன்னம் எல்லாம் நன்றாக எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "ம், அடுத்த வாய்" என்றாள்.